மேற்பரப்பு அலை விளிம்பில் என்ன ஆகிறது? திரும்பும் பங்கையும் கடக்கும் பங்கையும் அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஓர் அலுமினியக் கட்டியின் மேல்முகத்தில் ரேலே அலை (மேற்பரப்பை ஒட்டியே போகும் அலை) ஒன்றை ஓட விடுகிறீர்கள். அது 90 பாகை விளிம்பை அடைகிறது. ஒரு பங்கு வந்த வழியே திரும்புகிறது, ஒரு பங்கு விளிம்பைச் சுற்றிப் பக்க முகத்தில் இறங்கி ஓடுகிறது, மிச்சம் கட்டியின் உள்ளே நெட்டலையாகவும் குறுக்கலையாகவும் சிதறிப் போகிறது. முதல் இரண்டு பங்குகளையும் நம்பக்கூடிய எண்களாக அளப்பதுதான் நம் வேலை. இந்தக் கட்டுரை முழுக்க, திரும்பும் அலையின் வீச்சை வந்த அலையின் வீச்சால் வகுத்தால் வருவதை ‘தி’ என்றும், கடந்த அலையின் வீச்சை அப்படி வகுத்தால் வருவதை ‘க’ என்றும் குறிக்கிறேன்.

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் என் பயிற்சி மேசைக்கு வருகிறவர்களில் பலர் நிபோங் திபால், பெர்மாத்தாங் பாவ் பக்கம் பொறியியல் படிப்பவர்கள். சிலர் பிறை தொழிற்பேட்டையில் வெல்டிங் சோதனை செய்பவர்கள். அல்ட்ராசவுண்ட் கருவியை ஓட்டுவதில் அவர்களுக்குச் சிரமமே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ப்ரோப்பை, அதாவது ஒலியை அனுப்பிக் கேட்கும் முனையை, எடுத்து மறுபடி வைத்ததும், அதற்கும் உலோகத்துக்கும் நடுவே தடவிய ஜெல்லின் தடிமன் மாறும், அதோடு வீச்சும் மாறும். அந்த மாற்றம் நாம் தேடும் எண்ணை விடப் பெரிதாகவே இருக்கலாம். ஆகவே, ஜெல் எப்படி இருந்தாலும் விடையில் அதன் பங்கு அடிபட்டுப் போகிற மாதிரி அளவீட்டை அமைக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகத்தான்.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

அலுமினியக் கட்டி ஒன்று. மேல்முகம் 200 மி.மீ. நீளம், பக்க முகம் 150 மி.மீ. உயரம், விளிம்பின் நீளம் 120 மி.மீ. இருந்தால் வசதி. இதைவிடச் சிறிய கட்டியில் அடிமுகத்திலிருந்து வரும் எதிரொலிகள் நாம் பார்க்கும் நேரத்துக்குள் நுழைந்துவிடும். எஃகும் ஆகும், ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் மெருகேற்றிய எஃகு சீக்கிரமே துருப்பிடிக்கும். துருப்பிடித்த முகத்தில் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை.

ஒரே அதிர்வெண்ணில் இரண்டு ப்ரோப்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெர்ஸ்பெக்ஸ் ஆப்பு (ப்ரோப்பைச் சரியான கோணத்தில் சாய்த்துத் தாங்கும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் துண்டு). 2.25 மெகாஹெர்ட்ஸில் தொடங்குங்கள். பிறகு சரிபார்க்க 1 மெகாஹெர்ட்ஸ் ஜோடியும், கிடைத்தால் 5 மெகாஹெர்ட்ஸ் ஜோடியும் வேண்டும்.

ஊசிமுனை ப்ரோப் ஒன்று. முனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். இது கேட்க மட்டும்தான், அனுப்ப அல்ல.

பல்சர்-ரிசீவர் (ப்ரோப்புக்கு மின்துடிப்பை அனுப்பி, திரும்பி வருவதைப் பெருக்கித் தரும் கருவி), ஆஸிலோஸ்கோப் (அதைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி), ஒரு டி வடிவ கேபிள் இணைப்பி, ஜெல், கொஞ்சம் எண்ணெய், பஞ்சு, ஆல்கஹால். இவற்றில் டி இணைப்பியைத்தான் எல்லோரும் மறந்துவிட்டு வருகிறார்கள். ஐந்தாம் படி முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது.

2. வேகத்தையும் ஆப்புக் கோணத்தையும் கணக்கிடுங்கள்

அலுமினியத்தில் குறுக்கலையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3100 மீட்டர். பாய்சான் விகிதம் (இழுக்கும்போது உலோகம் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்பதைச் சொல்லும் எண்) 0.33. ரேலே அலையின் வேகத்துக்கு ஒரு நல்ல தோராயச் சூத்திரம் உண்டு. பாய்சான் விகிதத்தை 1.12ஆல் பெருக்கி 0.87ஐக் கூட்டுங்கள். வந்ததை, ஒன்றோடு பாய்சான் விகிதத்தைக் கூட்டிய தொகையால் வகுங்கள். இங்கே 0.93 கிடைக்கும். அதைக் குறுக்கலை வேகத்தால் பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 2900 மீட்டர்.

இதிலிருந்து அலைநீளம் வருகிறது: 1 மெகாஹெர்ட்ஸில் 2.9 மி.மீ., 2.25இல் 1.29 மி.மீ., 5இல் 0.58 மி.மீ. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். இனி வரும் தீர்மானங்கள் பலவும் ‘அலைநீளத்தில் எத்தனை பங்கு’ என்ற கேள்வியில்தான் போய் நிற்கும். ரேலே அலையின் ஆற்றலில் பெரும்பகுதி ஓர் அலைநீள ஆழத்துக்குள் அடங்கிவிடும் என்பதையும் கூடவே நினைவில் வையுங்கள்.

ஆப்பின் கோணத்துக்கு: பெர்ஸ்பெக்ஸில் நெட்டலையின் வேகம் சுமார் 2730. இதை 2900ஆல் வகுத்தால் 0.941, அதை சைன் மதிப்பாகக் கொண்ட கோணம் 70 பாகை. எஃகுக்கு வாங்கிய ஆப்பு சுமார் 66 பாகையில் இருக்கும். அதை அலுமினியத்தில் வைத்தாலும் ஏதோ ஒரு எதிரொலி வரத்தான் செய்யும். அதனால்தான் புதியவர்களுக்குச் சந்தேகமே எழுவதில்லை. ஆப்பின் மேல் பொறித்திருக்கும் உலோகப் பெயரைப் பார்த்துவிட்டு வையுங்கள்.

வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடினால் பெர்ஸ்பெக்ஸில் ஒலியின் வேகம் விநாடிக்கு இரண்டு மூன்று மீட்டர் குறையும். வெளியே 32 பாகையில் காரில் கிடந்த ஆப்பை 22 பாகை ஏர்கான் அறைக்குள் கொண்டுவந்து உடனே அளக்கத் தொடங்கினால், குளிரக் குளிர வீச்சு நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் எல்லாம் ஒரே அறையில் இருக்கட்டும்.

3. விளிம்பைத் தயார் செய்யுங்கள்

எண்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதுவும் பட்டறையிலேயே.

மில்லிங் முடிந்ததும் விளிம்பில் இருக்கும் பிசிரை அரத்தால் ஒரு தடவை இழுத்துவிடுவது எந்தப் பட்டறையிலும் வழக்கம். கை கிழியாமல் இருக்கச் செய்யும் நல்ல பழக்கம் அது. ஆனால் அந்த ஒரே இழுப்பில் 0.3 முதல் 0.5 மி.மீ. வரை விளிம்பு மழுங்கும். 5 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய ஓர் அலைநீளம். அந்த விளிம்பு இனி அந்த அலைக்கு மூலை அல்ல, ஒரு சிறிய சரிவுப் பட்டை. ஆகவே கட்டியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, இந்த ஒரு விளிம்பை மட்டும் அரம் போடாம விட்டுடுங்க, கூர்மையாவே வேணும்.” அந்த விளிம்பில் டேப் ஒட்டி வாங்கி வாருங்கள், விளிம்புக்கும் பாதுகாப்பு, உங்கள் விரலுக்கும் பாதுகாப்பு.

பிசிரை நீங்களே எடுங்கள். தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் 400, பிறகு 800 எண் உப்புத்தாளை விரித்து, முகத்தைத் தட்டையாக வைத்து, விளிம்புக்கு இணையான திசையில் மட்டும் தேயுங்கள். விளிம்புக்குக் குறுக்கே தேய்த்தால் தாள் மேலெழும்பி விளிம்பை உருட்டிவிடும்.

முடித்ததும் கட்டியின் முன்முகப் பக்கமிருந்து மூலையை யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். மூலையின் வளைவு ஆரம் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் வரம்பு. 1 மெகாஹெர்ட்ஸுக்கு 0.15 மி.மீ., 2.25க்கு 0.06 மி.மீ., 5க்கு 0.03 மி.மீ. கடைசி அளவை எட்டுவது கடினம். அதனால்தான் 5 மெகாஹெர்ட்ஸை முதல் அளவீட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

காரணம் இதுதான். வளைவு ஆரம் அலைநீளத்தை விட மிகப் பெரிதாக இருந்தால் அலை அதைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போய்விடும், திரும்புவது மிகக் குறைவு. கூர்மையான மூலையில்தான் திரும்பும் பங்கு கணிசமாக இருக்கும். இடைப்பட்ட வளைவில் என்ன எண் வரும் என்பது அதிர்வெண்ணைப் பொறுத்தது.

4. ரேலே அலைதானா என்று உறுதி செய்யுங்கள்

முதல் ப்ரோப்பை மேல்முகத்தின் நடுக்கோட்டில், ஆப்பிலிருந்து கதிர் வெளிவரும் புள்ளி விளிம்பிலிருந்து 60 மி.மீ. தள்ளி இருக்குமாறு வையுங்கள். ஆப்பின் மூக்கு விளிம்பைத் தாண்டக் கூடாது. அனுப்பிக் கேட்கும் முறையில், விளிம்பிலிருந்து வரும் எதிரொலியைத் திரையில் பிடியுங்கள். அப்புறம் ஆப்பை இடமும் வலமும் மெல்லத் திருப்பி, எதிரொலி உச்சமாகும் இடத்தில் நிறுத்துங்கள். ஆப்பு ஒரு பாகை சாய்ந்திருந்தால் திரும்பும் கதிர் இரண்டு பாகை விலகும். அப்போது திரும்பும் வீச்சு, கடக்கும் வீச்சை விட அதிகமாக அடிவாங்கி, தி குறைவாகத் தெரியும்.

இப்போது எண்ணெய் தொட்ட விரலை ப்ரோப்புக்கும் விளிம்புக்கும் நடுவே முகத்தில் அழுத்துங்கள். எதிரொலி சட்டென்று விழுந்தால் அது மேற்பரப்பு அலை. அசையாமல் நின்றால் அது கட்டிக்குள் போய் வரும் வேறு அலை, அதை விட்டுவிட்டு வேறு எதிரொலியைத் தேடுங்கள். பத்து விநாடிச் சோதனைதான், ஆனால் இதைச் செய்யாமல் அரை நாள் தவறான உச்சத்தை அளந்தவர்களை எனக்குத் தெரியும்.

சோதித்ததும் எண்ணெயை ஆல்கஹாலால் துடையுங்கள். ஆப்பின் முன்னால் பிதுங்கி நிற்கும் ஜெல்லையும் அப்படியே துடையுங்கள். மேலே திரவம் இருந்தால் ரேலே அலை தன் ஆற்றலை அதற்குள் கசியவிட்டுக்கொண்டே போகும். ஆழமான நீர் அலுமினியத்தின் மேல் நின்றால் நான்கைந்து அலைநீளத் தூரத்துக்குள்ளேயே வீச்சு பாதியாகிவிடும். ஜெல் படலத்தில் இழப்பு அவ்வளவு இராது. ஆனால் அது ஏர்கான் காற்றில் காய்ந்துகொண்டே இருப்பதால் இழப்பும் மாறிக்கொண்டே இருக்கும்.

5. இரண்டு ப்ரோப்களை இணைத்து தி/க விகிதத்தைப் பெறுங்கள்

பக்க முகத்தில் இரண்டாம் ப்ரோப்பை விளிம்பை நோக்கி வையுங்கள். விளிம்பிலிருந்து 85 மி.மீ. இரண்டும் ஒரே நடுக்கோட்டில் இருக்க வேண்டும். இதையும் தனியாக இணைத்து, எதிரொலி உச்சமாகும் வரை திருப்பி, நிலைநிறுத்துங்கள். காந்தம் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் ஜி-கிளாம்ப் அல்லது ரப்பர் பட்டை வேண்டும்.

இப்போது இரண்டு கேபிள்களையும் டி இணைப்பியில் சேர்த்து, பல்சர்-ரிசீவரின் ஒரே வாயில் மாட்டுங்கள். ஒரே துடிப்பு இரண்டு ப்ரோப்களையும் ஒன்றாக அடிக்கும். இரண்டும் ஒரே வாய் வழியாகவே கேட்கும். திரையில் மூன்று உச்சங்கள் வரும்.

முதல் உச்சம், மேல் ப்ரோப் அனுப்பி, விளிம்பில் திரும்பி, மேல் ப்ரோப்பே கேட்டது. மொத்தப் பாதை 120 மி.மீ., 41.4 மைக்ரோ விநாடி.

இரண்டாம் உச்சம், விளிம்பைக் கடந்த அலை. மேலிருந்து பக்கத்துக்கும், பக்கத்திலிருந்து மேலுக்கும் போகும் இரண்டு அலைகளும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றாகக் கூடும். பாதை 145 மி.மீ., 50 மைக்ரோ விநாடி.

மூன்றாம் உச்சம், பக்க ப்ரோப் அனுப்பி அதுவே கேட்டது. பாதை 170 மி.மீ., 58.6 மைக்ரோ விநாடி.

ஆப்புகளுக்குள் செலவாகும் நேரம் இவற்றோடு கூடும். எப்படிக் கூடினாலும் இரண்டாம் உச்சம் மற்ற இரண்டுக்கும் நேர் நடுவில்தான் வர வேண்டும். வரவில்லையென்றால் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தி/க = 2 × √(முதல் உச்சம் × மூன்றாம் உச்சம்) ÷ இரண்டாம் உச்சம்

இது ஏன் வேலை செய்கிறது? முதல் உச்சத்தில் மேல் ப்ரோப்பின் ஜெல் இரண்டு தடவை வருகிறது, அனுப்பும்போது ஒன்று, கேட்கும்போது ஒன்று. மூன்றாம் உச்சத்தில் பக்க ப்ரோப்பின் ஜெல் இரண்டு தடவை. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஒவ்வொன்றும் ஒரு தடவை நிற்கும். இரண்டாம் உச்சத்திலும் ஒவ்வொன்றும் ஒரு தடவைதான். வகுத்ததும் அடிபட்டுப் போகிறது. பாதையில் ஏற்படும் உலோக இழப்பும் இதே வழியில் போய்விடும். முன்னால் இருக்கும் 2, நடு உச்சத்தில் இரண்டு சம அலைகள் கூடியிருப்பதற்காக. அந்த 2ஐ விட்டுவிட்டு, விடை பாதியாக வருகிறதே என்று குழம்புபவர்கள் நிறைய.

கதிர் விரிவதால் வரும் இழப்பு மட்டும் முழுதாக அடிபடாது. ஆனால் 120உம் 170உம் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 142.8, அது 145க்கு மிக அருகில். பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே. தூரங்களை 40, 140 என்று வைத்தால் இந்தச் சலுகை போய்விடும். 60, 60 என்று வைத்தாலோ மூன்று உச்சங்களும் ஒன்றன் மேல் ஒன்று விழும். சுமார் 25 மி.மீ. வித்தியாசம் ஏறத்தாழ 8.6 மைக்ரோ விநாடி இடைவெளி தருகிறது, நான்கு ஐந்து சுற்றுகள் கொண்ட துடிப்புக்கு அது போதும்.

மூன்று உச்சங்களையும் ஒரே பதிவில், ஒரே கெயினில் (ரிசீவரின் பெருக்க அளவில்) எடுங்கள். இடையில் கெயினை மாற்றாதீர்கள். முறையை நன்றாகப் புரிந்துகொண்ட பிறகும் கேபிளைக் கழற்றி மாட்டி, தனித்தனியாக அளந்து கணக்கில் போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மின்சுமை ஒவ்வொரு தடவையும் மாறும், டி இணைப்பி போட்டதன் பயனே போய்விடும்.

6. உச்சத்தைப் படிக்கும் முறை

அலைவடிவத்தின் மேல்நுனியிலிருந்து கீழ்நுனி வரை அளப்பது எல்லோருக்கும் பழக்கம். இங்கே அது ஏமாற்றும். விளிம்பில் திரும்பும்போதும் கடக்கும்போதும் அலையின் கட்டம் (தன் ஏற்ற இறக்கச் சுற்றில் அலை நிற்கும் இடம்) நகர்கிறது. இரண்டுக்கும் நகர்வு ஒன்றல்ல. குறுகிய துடிப்பில் கட்டம் நகர்ந்தால் வடிவமே மாறும், நுனிகளின் உயரமும் மாறும், ஆற்றல் அப்படியே இருந்தாலும்.

ஒவ்வொரு உச்சத்தையும் ஒரே அகலமுள்ள நேர சாளரத்தில் வெட்டி, எஃப்எஃப்டி (அலையை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) எடுத்து, ஒரே அதிர்வெண்ணில் வீச்சைப் படியுங்கள். ஸ்கோப்பில் அந்த வசதி இல்லையென்றால் பதிவைக் கணினிக்கு மாற்றிச் செய்யலாம். 64 பதிவுகளின் சராசரி எடுத்தால் இரைச்சல் போதுமான அளவு அடங்கும்.

7. ஊசிமுனை ப்ரோப்பால் ‘தி’யைத் தனியாகப் பெறுங்கள்

ஐந்தாம் படி விகிதத்தை மட்டும்தான் தருகிறது. ஒன்றின் மதிப்பு தனியாகத் தெரிந்தால் மற்றதும் கிடைத்துவிடும்.

பக்க ப்ரோப்பைக் கழற்றி அதன் ஜெல்லைத் துடையுங்கள். மேல் ப்ரோப் அனுப்பட்டும். அதற்கும் விளிம்புக்கும் நடுவே ஊசிமுனையை ஜெல் இல்லாமல் அழுத்தி வையுங்கள். முதலில் விளிம்பை நோக்கிப் போகும் அலை ஊசியைக் கடக்கும், பிறகு திரும்பி வரும் அலை கடக்கும். இரண்டையும் கேட்பது ஒரே ஊசி, ஒரே அழுத்தத்தில். ஆகவே இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஊசியின் தொடுகை எப்படி இருந்தாலும் கணக்கில் வராது.

ஊசிக்குப் பதில் இன்னொரு ஆப்பை நடுவில் வைக்கலாமே என்று கேட்பார்கள். கூடாது. ஆப்பு தன் அடியில் போகும் அலையை உறிஞ்சிவிடும், விளிம்புக்கு மிச்சம்தான் போகும். ஊசி அலைநீளத்தை விடச் சிறிதாக இருப்பதால் அலைக்கு அது தடையே இல்லை.

ஊசியை விளிம்பிலிருந்து 10, 15, 20, 25, 30 மி.மீ. தூரங்களில் வைத்து ஐந்து விகிதங்கள் எடுங்கள். தூரத்தைக் கிடையிலும் விகிதத்தைச் செங்குத்திலும் போட்டு வரைபடம் வரைந்து, கோட்டைத் தூரம் பூச்சியம் வரை நீட்டுங்கள். அங்கே தொடும் எண்தான் தி. பூச்சியத்தில் வந்த அலைக்கும் திரும்பிய அலைக்கும் பாதை சமம் என்பதால் விரிதல், இழப்பு எதற்கும் தனித்திருத்தம் வேண்டாம். 10 மி.மீ.க்குள் போகாதீர்கள். மூலைக்கு மிக அருகில், அங்கிருந்து உள்ளே சிதறும் அலைகளையும் ஊசி சேர்த்துக் கேட்கும்.

8. கணக்கும் ஆற்றல் சோதனையும்

கணக்கு முறை விளங்க மட்டும் ஓர் உதாரணம். மூன்று உச்சங்கள் 180, 620, 150 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 180ஐயும் 150ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 164.3. இரண்டால் பெருக்கி 620ஆல் வகுத்தால் தி/க = 0.53. ஊசி அளவீட்டில் தி = 0.35 வந்தால், க = 0.35 ÷ 0.53 = 0.66.

இரண்டு முகங்களும் ஒரே உலோகம் என்பதால் ஆற்றல் வீச்சின் வர்க்கத்தைப் பின்பற்றும். 0.12உம் 0.44உம் சேர்ந்து 0.56. மிச்சம் 0.44 கட்டிக்குள் போன அலைகள்.

இந்தக் கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டினால் எங்கோ பிழை இருக்கிறது, யோசிக்கவே வேண்டாம். சரியாக ஒன்றுக்கு அருகில் வந்தாலும், விளிம்பில் சாய்வில்லாமல் நேராக விழும் அலைக்கு அது சந்தேகத்துக்குரியது. கூர்மையான செங்கோண விளிம்பில் ஒரு நல்ல பங்கு உள்ளே போயே தீரும். க, தியை விடச் சிறிதாக வந்தால் முதலில் பக்க ப்ரோப் நடுக்கோட்டில் இருந்ததா என்று பாருங்கள்.

9. அதிர்வெண்ணை மாற்றி மறுபடியும் அளவிடுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. முழுக்கூர்மையான மூலைக்கு என்று சொந்தமாக ஒரு நீள அளவு கிடையாது. ஒப்பிட ஒரு நீளம் இல்லாததால் அலைநீளம் மாறினாலும் தி, க மாறக் கூடாது. 1 மெகாஹெர்ட்ஸிலும் 2.25இலும் ஒரே எண்கள் வந்தால் உங்கள் விளிம்பு நல்ல விளிம்பு, அளவீடும் நம்பத்தக்கது.

1 மெகாஹெர்ட்ஸில் வந்த எண் 2.25இல் நகர்ந்து, 5இல் இன்னும் நகர்ந்தால், விளிம்புக்கு ஒரு நீளம் இருக்கிறது என்று அர்த்தம்: உருண்டிருக்கிறது, சரிந்திருக்கிறது, அல்லது ஒரு சில்லு உடைந்திருக்கிறது. மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். மாற்றம் ஒழுங்கில்லாமல் மேலும் கீழும் ஆடினால் விளிம்பைக் குறை சொல்லாதீர்கள். ஆப்பின் கோணத்தையும் ஜெல் துடைத்ததையும் பாருங்கள்.

1 மெகாஹெர்ட்ஸில் ஒரு எச்சரிக்கை. 12 மி.மீ. அகலமுள்ள ப்ரோப்பின் கதிர் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஏறத்தாழ 13, 14 பாகை விரியும். 120 மி.மீ. அகலக் கட்டி அதற்கு மட்டுமட்டாகத்தான் போதும். குறுகலான கட்டியில் பக்கவாட்டு விளிம்புகளில் பட்டு வரும் அலைகள் உச்சத்தோடு கலந்துவிடும்.

10. சாய்வாக விழும் அலை

மேலே சொன்னவை கைவந்த பிறகு மட்டும் இதைத் தொடுங்கள். அலை விளிம்பில் சாய்வாக விழும்போது, திரும்பும் கோணம் விழும் கோணத்துக்குச் சமம், கடக்கும் அலையும் பக்க முகத்தில் அதே கோணத்தில் போகும். சாய்வு கூடக் கூட உள்ளே தப்பிக்கும் வழி அடைபடுகிறது. முதலில் நெட்டலைக்கு, பிறகு குறுக்கலைக்கு. அலுமினியத்தில் 2900ஐ 3100ஆல் வகுத்தால் 0.935. விளிம்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 69 பாகைக்கு மேல் உள்ளே எதுவும் போக முடியாது. அங்கே இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை ஒன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் முழு அமைப்பையும் சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை, விடை முன்கூட்டியே தெரியும் என்பதால். ஆனால் டி இணைப்பி முறை இங்கே உதவாது. திரும்பும் அலை அனுப்பிய ப்ரோப்புக்கு வராமல் மறுபக்கம் போய்விடும். ஊசிமுனையை வைத்து இரு முகங்களிலும் கதிரின் குறுக்கே வரிசையாக அளந்து செல்ல வேண்டும். இதற்கு விளிம்பு நீளம் 300 மி.மீ.க்குக் குறையாத கட்டி வேண்டும், அகலமான ப்ரோப்பும் வேண்டும். 65 பாகையில் ஒரு தொகுப்பு, 72இல் ஒன்று, 75இல் ஒன்று என்று எடுங்கள். 72இலும் 75இலும் தொகை ஒன்றுக்குக் கீழே நின்றால், காணாமல் போன பங்கு விளிம்பில் போகவில்லை, உங்கள் அளவீட்டில்தான் போகிறது.